சின்னத் துரைசாணியின் பல்

சுடலைமாடன் துணை

பெரிய பங்களா,
சாந்தன்பாறை,
8-1-1978

அன்பு மகள் சந்தனத்துக்கு உன்னைப் பெற்றவள் முத்துப்பேச்சி எழுதுவது.

இங்கே நான், என் மூட்டுவலி, மார்கழிக் குளிர் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், இன்னும் பேர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் சுகமா? ஆறு மாதம் முடிந்திருக்கும். உதைக்கிறதா? உதைத்தால் கோபப்படாதே. நீ என் வயிற்றில் இருக்கும்போது ஏலக்காய்க் கூடையையே உதைத்துக் கவிழ்த்தவள்.

நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவள். எழுத்து கோணலாக இருந்தால் பூனை தட்டிவிட்டது என்று வைத்துக்கொள். உண்மையும் அதுதான். இதை எழுதும்போது சின்னத் துரைசாணி என் மடியில்தான் இருக்கிறாள். எஸ்டேட் துரையும் அவர் பெண்சாதி பெரிய துரைசாணியும் அவளை டாலி என்பார்கள். அந்தப் பேர் என் நாக்கில் நிற்காது. நான் வைத்த பேர்தான் அவளுக்குப் பொருத்தம். மெத்தையில் படுப்பாள், ஆறிப்போன பாலைத் தொடமாட்டாள், என்னைக் கண்டால் மட்டும் வேலை வாங்குவாள்.

பெரிய துரைசாணி அம்மா பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “முத்து, உன்ன நம்பித்தான் இவள விட்டுட்டுப் போறேன்” என்று அழுதார்கள். உன்னை மாப்பிள்ளை கையில் கொடுத்தபோது நான்கூட அப்படி அழவில்லை.

அவர்கள் போன நேரமோ என்னவோ, பத்து நாளாக இவள் சரியாகத் தின்பதில்லை. பசி இருக்கிறது. தட்டுக்கு ஓடி வருகிறாள். மீனை வாயில் எடுக்கிறாள், தலையை வலது பக்கம் சாய்க்கிறாள், கீழே போட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சீறுகிறாள். தட்டு என்ன பண்ணும் பாவம். இடது பக்கம் எச்சில் ஒழுகுகிறது, அதில் நூல் மாதிரி ரத்தம். முன்னங்காலால் கன்னத்தைச் சொறிகிறாள். வாயைத் திறந்தால் மழைக்காலத்து மீன்கூடை வாசம். பல்தான். வேறு என்ன? உன் அப்பாவும் பல்வலி வந்தால் இப்படித்தான், தட்டைத்தான் திட்டுவார்.

நம் தோட்டத்துக் கிராம்பு எதற்கு இருக்கிறது? எண்ணெயில் நசுக்கிப் போட்டு, துணியில் நனைத்து ஈறில் வைத்துவிட்டேன். மனுஷப் பல்லுக்குக் கேட்கும் மருந்து பூனைப் பல்லுக்குக் கேட்காதா? பார்ப்போம்.

பங்குனியில் உன்னிடம் வந்துவிடுவேன். தலைப்பிரசவத்தை அம்மா வீட்டில் பார்ப்பதுதான் முறை. அம்மாவுக்கு இருப்பது அடுக்களைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஆள் தங்க வைக்கக் கூடாது என்று துரை சட்டம். ஆகையால் வீடு உன்னிடம் வரும், நடந்து.

மாப்பிள்ளையைக் கேட்டேன் என்று சொல். கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்ததும் தூங்கிக்கொண்டே சோறு தின்கிறாராமே, சோற்றைக் கன்னத்தில் அப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
முத்துப்பேச்சி

*

கஞ்சிக்கோடு,
20-1-1978

அன்புள்ள அம்மாவுக்கு சந்தனம் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. அதில் பூனைக்கு முக்கால் பக்கம், எனக்குக் கால் பக்கம். இவரிடம் காட்டினேன். “உங்கம்மாவுக்கு மூத்த பொண்ணு அதுதான் போல” என்றார்.

கால் வீங்குகிறது. வாடகைக்கு ஒரே அறை. ஓட்டுக்கூரை தாழ்வாக இறங்கி, வெயில் அப்படியே தலையில் விழுகிறது. பாலக்காட்டு வெயில் இப்போதே இப்படி என்றால் பங்குனியில் எப்படி என்று தெரியவில்லை. வெளியே போனால் வீட்டுச் சொந்தக்காரர் சுப்பாத்தாள் அம்மா, “ஏம்புள்ள, வகுத்தோட எங்க கெளம்பீட்ட?” என்று வாசலிலேயே மறித்துவிடுகிறார். நல்லவர்தான். ஆனால் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மா, ஒன்று கேட்கிறேன், கேலி பண்ணாதே. பிள்ளை பிறந்ததும் நீதான் சேனை வைக்க வேண்டும். முதல் சீனித்தண்ணீரை யார் நாக்கில் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நீதான் சொல்வாய். எனக்கு அப்பாவின் தாயார் வைத்தார்களாம், அதனால்தான் எதற்கெடுத்தாலும் மூஞ்சியைத் தூக்குகிறேன் என்பாய். என் பிள்ளைக்கு உன் சிரிப்பு வேண்டும். அப்பா செத்துப்போய், எஸ்டேட்டில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்ன அன்றுகூட, சட்டிபானையைத் தலையில் வைத்துக்கொண்டு நீ ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாயே, அந்தச் சிரிப்பு. இவருக்குத் தாய் இல்லை. நீ வராவிட்டால் யாரும் இல்லை.

பூனையை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. கிராம்பு எல்லாம் வைக்காதே.

சந்தனம்

*

பெரிய பங்களா,
சாந்தன்பாறை,
2-2-1978

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை. மூஞ்சி வீக்கத்துக்கு மருந்து நானே கொண்டு வருகிறேன். சேனை நான்தான். வேறு எவளாவது கரண்டியோடு வந்தால் கையைத் தட்டிவிடு.

உன் பேச்சைக் கேட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். கிராம்பு வைத்த நாலாம் நாள் சின்னத் துரைசாணி நுரை தள்ளி, இரண்டு நாள் அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. பயந்துபோனேன். இவள் போனால் நானும் போக வேண்டியதுதான். ஏலக்காய் கொண்டு போகும் மூடிக்கூடையில் வைத்துத் துணி போட்டுக் கட்டி, மூன்று மைல் நடந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிடாரி, எனக்குப் பின்னால் ஓர் எருமை. எல்லாரும் கூடையைப் பார்க்கிறார்கள். கோழியா என்றான் ஒருவன். துரை வீட்டுப் பிள்ளை என்றேன்.

அங்கே கம்பவுண்டர் சகாயம். ஆள் நல்ல மாதிரி. “அம்மா, இது மாடு ஆடு பாக்குற எடம். பூனைக்குப் பல்வலின்னு நோட்டுல எழுதுனா டாக்டர் என்னயத்தான் ஒரு மாதிரி பாப்பாரு” என்றார். “அப்ப சின்ன மாடுன்னு எழுதுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

டாக்டர் சின்ன வயசு. அவர் பூனையைப் பார்த்துப் பயப்பட, பூனை அவரைப் பார்த்துப் பயப்பட, நடுவில் நான். மாட்டு வாயைத் திறந்து பிடிக்க ஓர் இரும்பு வைத்திருப்பார்கள், அதை எடுத்தார். அதற்குள் சின்னத் துரைசாணி வாலோடு முழுசாக நுழைந்துவிடுவாள். இவள் அதைப் பார்த்தாள், என் தோளில் ஏறினாள், தோளிலிருந்து மருந்து அலமாரிக்கு மேல் ஏறினாள். இறக்க அரை மணி நேரம். டாக்டர் ரொம்ப உண்மையாக, “எனக்குப் பூனைப் பல்லு தெரியாதும்மா, கைவச்சு ஒடச்சிட்டா பாவம்” என்றார். சத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார். அதைக் குடிப்பதற்கும் வாய் வேண்டுமே.

இப்போது மீனை முள் எடுத்து, சோற்றோடு கூழாகப் பிசைந்து விரலில் வைத்து ஊட்டுகிறேன். என் விரலில் தந்தால்தான் தின்கிறாள். சமையல்காரர் பெரியமுத்து ஊட்டப் பார்த்தார், கட்டைவிரலில் நாலு ஓட்டை.

அதில்தான் வந்தது வினை. நேற்றுத் துரையிடம் பங்குனியில் பதினைந்து நாள் லீவு கேட்டேன். மகளுக்குத் தலைப்பிரசவம் என்றேன். அவர் பேப்பரை மடிக்கவே இல்லை. “ஒம் பொண்ணுக்கு ஆஸ்பத்திரி இருக்கு, நர்சு இருக்கு. பூனைக்கு யாரு இருக்கா?” என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன், பூனைக்கு யாரும் இல்லைதான்.

மனசைத் தளரவிடாதே. இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் இவள் தானாகத் தின்றுவிட்டால் மறுபடி கேட்பேன்.

உன் அம்மா

*

கஞ்சிக்கோடு,
15-2-1978

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ சிரிக்கச் சிரிக்க எழுதினாலே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

பூனை தின்றால்தான் நீ வருவாய் என்றால், பூனையைத் தின்ன வைப்பதுதான் என் வேலை என்று முடிவு பண்ணினேன். சுப்பாத்தாள் அம்மாவிடம் கேட்டேன். “எங்க எருமைக்கு வாயெல்லாம் புண்ணாகித் தண்ணி எறங்கலீன்னு அர்த்தநாரி டாக்டரக் கூட்டியாந்தோம். சர்க்கார் வேலை முடிஞ்சு இப்ப பாலக்காட்டுல ஊட்லயே பாக்கறாரு. நாயி, பூனை, கிளி எல்லாம் பாப்பாரு. பேசமாட்டாரு, ஆனா கையி சுத்தம்” என்றார். மறுநாளே அவரே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வயிற்றோடு ஏன் கிளம்பினாய் என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் ஒரு பசு, மூன்று நாய், கூண்டில் ஒரு மைனா. நான் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது. “எங்கீங்க பூனை?” என்றார். “மலை மேலங்க” என்றேன். அவருக்கும் சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கம் மெல்லுகிறது, எச்சிலில் ரத்தம் உண்டா, தலையைச் சாய்க்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு எதுவும் தெரியாது. உன் முதல் கடிதம் பையில் இருந்தது. அதை அப்படியே நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். அப்பாவைப் பற்றி நீ எழுதின இடத்தில் மீசை கொஞ்சம் அசைந்தது.

“எழுதுனது யாருங்க?”

“எங்கம்மா. மூணாம் வகுப்பு.”

“நோயப் பக்கத்துல உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க. இடது பக்கம் மேல, கடைவாய்ப் பல்லு ஒண்ணாச்சும் ஒடஞ்சிருக்கும். சீழ் கோத்திருக்கும். மயக்க ஊசி போட்டு எடுத்தாத்தான் தீரும். அந்தக் கிராம்பு எண்ணெய மட்டும் இனிமே தொட வேண்டாம்னு சொல்லுங்க. பூனைக்கு அது வெஷமுங்க. தப்பிச்சதே பெரிசு.”

கேட்டாயா? விஷமாம். நான் வைக்காதே என்றேன் அல்லவா.

பூனையை இங்கே கொண்டுவரச் சொல்கிறார். அவர் கையாலேயே இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். பல் எடுத்தபின் பத்து நாள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். துரையிடம் காட்டு.

எனக்குப் பங்குனி பதினைந்து வாக்கில் என்று நர்சு சொன்னாள்.

சந்தனம்

*

பெரிய பங்களா,
சாந்தன்பாறை,
1-3-1978

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

வருகிறேன்! மார்ச் இருபதாம் தேதி. பத்து நாள்.

சீட்டைத் துரையிடம் கொடுத்தேன். இந்தத் தடவை பேப்பரை மடித்தார், கண்ணாடியைப் போட்டார், எழுந்தே நின்றுவிட்டார். “சீழா? இத்தனை நாளா சொல்லாம என்ன பண்ணுன? அவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்றார். பத்து நாள் லீவு. போடி வரைக்கும் எஸ்டேட் ஜீப்பு. சம்பளத்தில் பிடித்தம் இல்லை. உன் கல்யாணத்துக்கு அந்த ஜீப்பைக் கேட்டபோது டயர் இல்லை என்றார்கள், ஞாபகம் இருக்கிறதா? சின்னத் துரைசாணிக்கு நாலு டயரும் வந்துவிட்டது.

மகள் பிள்ளை பெற லீவு இல்லை, பூனை பல்லுப் பிடுங்க லீவு உண்டு. பெரியமுத்துவிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அடுக்களைக்குப் போய், அடுப்பு எரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

போகட்டும். எந்தக் கதவு திறந்தால் என்ன. டாக்டரைத் தேடிப் போனாயே, அந்தக் கால் வீக்கத்தோடு! நீ என் மகள்தான். சுப்பாத்தாள் அம்மாவுக்கு என் கும்பிடு. அவரைச் சிரிக்க வைக்காமல் திரும்பமாட்டேன் என்று சொல்.

பிள்ளையிடம் சொல்லி வை, இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் வெளியே வந்துவிட வேண்டும். பாட்டிக்கு அவ்வளவுதான் லீவு.

உன் அம்மா

*

பெரிய பங்களா,
சாந்தன்பாறை,
2-4-1978

அன்பு மகள் சந்தனத்துக்கு,

முந்தாநாள் பொழுது சாய வந்து சேர்ந்தேன். இன்று ஞாயிறு. உனக்கு வலி கண்டதா இல்லையா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன்.

நான் பஸ் ஏறும்போது நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வரவில்லை. சரிதான். வராமல் இருந்ததும் நல்லதுக்குத்தான், வந்திருந்தால் நான் ஏறியிருக்கமாட்டேன்.

போடிமெட்டு செக்போஸ்டில் போலீஸ்காரர் ஒருவர், அரிசி கடத்துகிறேன் என்று கூடையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சின்னத் துரைசாணி வாயைப் பிளந்து சீறினாள். “என்னம்மா, ஒரு பக்கம் பல்லே இல்ல?” என்றார். “அதான் சார் கடத்தல், மூணு பல்ல பாலக்காட்டுல விட்டுட்டு வாரேன்” என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்துவிடேன்.

இப்போது சிரிக்காமல் ஒன்று சொல்கிறேன்.

பத்தாம் நாள் காலையில் கூடையோடு அர்த்தநாரி டாக்டரிடம் நான் தனியாகப் போனேன் அல்லவா. திரும்பி வந்து, லீவு முடிந்தது, கிளம்புகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். இன்னும் பத்து நாள் வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டாயா என்று கத்தினாய். நான் கூடைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டேன், சந்தனம்.

அந்த மனுஷன் வைத்தியம் பார்ப்பதை நீ பார்த்ததில்லை. கூடையைத் திறந்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். இவள் தானாக வெளியே வந்து அவர் முழங்காலை முகர்ந்து பார்க்கும்வரை தொடமாட்டார். பிறகு இவள் வாயை அவர் முகர்ந்து பார்ப்பார். அன்றைக்கும் முகர்ந்தார், டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். “புண்ணு முழுசா ஆறிப்போச்சுங்க. வாசமே இல்ல. தெனம் வெரல்ல துணி சுத்திப் பல்லத் தொடச்சு விடுங்க, அது போதும். தாராளமா மலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்” என்றார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“அய்யா, ஆறலைன்னு எழுதித் தாங்க” என்றேன். எதற்கு என்றார். சொன்னேன், எல்லாம் சொன்னேன். காலைத் தொடப் போனேன், பின்னால் நகர்ந்துகொண்டார். “எனக்கும் பொண்ணு இருக்குதுங்க. ஆனா இல்லாத சீழ இருக்குதுன்னு நான் இதுவரைக்கும் எழுதுனதில்லீங்களே, அம்மா” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் எழுதவில்லை.

நல்ல டாக்டர் வேண்டும் என்று நாமே தேடினோம். கொஞ்சம் மட்டமான டாக்டராகப் பார்த்திருக்க வேண்டும்.

இதை அன்றே சொல்லியிருந்தால், அந்த வயிற்றோடு போய் அவரிடம் சண்டை போட்டிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. லீவு முடிந்தால் முடியட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கலாம். துரைசாணி அம்மா ஒன்றாம் தேதி வருவதாகத் துரையின் தந்தி வந்ததும் சேலையை மடிக்க ஆரம்பித்துவிட்டேன். பூனைக்குப் பயந்து இல்லை. அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற அந்த அறை பறிபோய்விடுமே என்று பயந்து. உன் அப்பா போனதும் லயத்து வீட்டுச் சாமான்களை மூன்றாம் நாள் வெளியே வைத்தார்களே, அன்றைக்கு நான் சிரித்தேன் என்கிறாய். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், உனக்குச் சிரிப்பாகத் தெரிந்திருக்கிறது. உன் ஒற்றை அறையில் நாலாவது ஆளாக என்னை வைத்து மாப்பிள்ளை எங்கே காலை நீட்டுவார்? அந்த நினைப்பில்தான் பஸ் ஏறினேன்.

துரைசாணி அம்மா வந்துவிட்டார்கள். இவள் வாயை மோந்து பார்த்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். பேரப்பிள்ளை வரப் போகிறது என்றேன். “அப்படியா, சந்தோஷம் முத்து. டாலி இப்பதான தேறியிருக்கா, மழைக்காலம் முடியட்டும், போய்ப் பாத்துட்டு வா” என்றார்கள். மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

ஒரு வரி எழுதச் சொல் மாப்பிள்ளையை. திட்டியாவது எழுதச் சொல்.

உன் அம்மா

*

கஞ்சிக்கோடு,
9-4-1978

அம்மாவுக்கு,

மூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பெண் பிறந்தது. இவர் தந்தி கொடுக்கப் போனார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

வலி கண்டபோது இவர் ஷிப்டில் இருந்தார். சுப்பாத்தாள் அம்மாதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேனாம். “உங்கம்மா வாராங்க, வந்துட்டிருக்காங்க” என்று பொய் சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார். வலி நாலு நாளைக்கு முன்னால் வந்திருந்தால் அது பொய்யில்லை.

சேனை வைக்க சுப்பாத்தாள் அம்மா சீனித்தண்ணீர் கொண்டு வந்தார். பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டேன். நர்சு திட்டினாள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் திட்டினாள். இவர்கூட, “யார் வச்சா என்ன” என்றார். நான் விடவில்லை. சுப்பாத்தாள் அம்மாவுக்கு வருத்தம்தான். வெளிக்காட்டாமல் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். இன்றுவரை என் பிள்ளைக்கு யாரும் சேனை வைக்கவில்லை. பால் மட்டும்தான். நீ வைக்காவிட்டால் யாரும் வைக்க வேண்டாம்.

நீ எழுதினதை எல்லாம் படித்தேன். டாக்டரிடம் கேட்டது எனக்குத் தெரியாது. அதற்காகக் கத்தினது என் தப்பு. ஆனால் அந்த அறையைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டில் உனக்கு இடம் இருக்காது என்று நீயே எப்படி முடிவு பண்ணினாய்? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

இனி வா என்று எழுதமாட்டேன். பூனைக்கு இன்னொரு பல் கெட்டால் வருவாய். அதுவரை நானும் என் பிள்ளையும் இருக்கிறோம்.

சந்தனம்

*

சுடலைமாடன் துணை

பெரிய பங்களா,
சாந்தன்பாறை,
19-4-1978

என் மகளுக்கும் அவள் மகளுக்கும் முத்துப்பேச்சி எழுதுவது.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதில் கடைசியாக, பூனைக்கு இன்னொரு பல் கெட்டால் வருவாய் என்று எழுதியிருந்தாயே, அதை நீ கோபத்தில் எழுதினாய். நான் அதைச் செய்துகொண்டிருந்தேன், சந்தனம்.

இங்கே வந்த நாளிலிருந்து தினம் காலையில் விரலில் துணி சுற்றி இவள் பல்லைத் துடைக்கிறேன். முதல் நாள் துடைக்க மட்டும்தான் துடைத்தேன். இரண்டாம் நாளிலிருந்து தேட ஆரம்பித்தேன். எதிலாவது மஞ்சள் கட்டியிருக்கிறதா, ஏதாவது ஈறு சிவந்திருக்கிறதா. ஒன்றே ஒன்று போதும், ஜீப்பு வரும், பத்து நாள் வரும். சன்னல் பக்கம் வெளிச்சத்தில் தூக்கி வைத்து ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பேன். எல்லாம் ஆணி அடித்த மாதிரி இருக்கிறது. அந்த மனுஷன் அப்படி வேலை பார்த்திருக்கிறார்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளும் தூக்கி வைத்தேன். வலது பக்கம் மேலே ஒரு பல். ஆட்டினேன், ஆடவில்லை. நகத்தை வைத்து அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். பெரியமுத்து கட்டைவிரலை ஓட்டை போட்டவள், என்னைக் கடிக்கவில்லை. நான் கை வைத்தால் நோவு போகும் என்று பழகிப்போனவள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

கையை எடுத்துவிட்டேன். பிறகு ரொம்ப நேரம் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாயில்லாத ஜீவனுக்கு நோவு வரட்டும் என்று காத்திருக்கிற அளவுக்கு அந்த அறை என்னை ஆக்கிவிட்டது. இப்படி ஆன கையால் உன் பிள்ளை நாக்கில் எதை வைப்பேன்?

துரைசாணி அம்மாவைக் கூப்பிட்டு மீன் பிசைவது எப்படி, துணி சுற்றித் துடைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் சின்னத் துரைசாணி பெரிய துரைசாணியை ஒரு கடி கடித்தாள். நான் சிரிக்கவில்லை, நம்பு. திரும்பி நின்றுகொண்டேன். மூன்றாம் நாள் அவர்கள் விரலில் தின்றாள். நாலாம் நாள் நான் பக்கத்தில் இல்லாமலே தின்றாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

இன்று காலையில் அறையைக் கூட்டிவிட்டு, சாவியை அடுக்களை ஆணியில் மாட்டியிருக்கிறேன். துரைசாணி அம்மா, “எதுக்கு முத்து? டாலிக்கு என்ன?” என்றார்கள். “அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றேன். “அப்ப ஏன் போற?” என்றார்கள். அவர்களுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. துரை இனி அந்த அறையை யாருக்குக் கொடுப்பாரோ, கொடுக்கட்டும்.

ஜீப்பு கேட்கவில்லை. லீவும் கேட்கவில்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ். இந்தக் கடிதம் முந்தி வருமோ நான் முந்தி வருவேனோ தெரியாது. அதே கூடைதான், இந்தத் தடவை அதில் என் மூன்று சேலை மட்டும். செக்போஸ்டில் அந்தப் போலீஸ்காரர் இருந்தால் ஏமாந்து போவார்.

மாப்பிள்ளையிடம் சொல், நான் சுவரோரமாகப் படுத்துக்கொள்வேன், குறட்டை மட்டும் கொஞ்சம் இருக்கும். சுப்பாத்தாள் அம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன். அவர் கரண்டியைத் தட்டிவிடச் சொன்னவளே நான்தான். உன் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னாரே, அதற்கு அவர் காலில் விழ வேண்டும். விழுந்தால் சிரிப்பாரா என்று பார்ப்போம். அவருக்குச் சம்மதம் என்றால் சேனையை இரண்டு பேருமாக வைக்கிறோம். பாதி நாள் சிரிக்கட்டும், பாதி நாள் முறைக்கட்டும்.

பிள்ளை வாயைத் திறந்தால் பல்லே இருக்காது. எனக்கு இப்போது அதுதான் வேண்டும்.

ரேஷன் சீனியில் ஒரு கரண்டி எடுத்து, எறும்பு அண்டாமல் வை.

உன் அம்மா,
முத்துப்பேச்சி